மூன்று ஆட்டச் சல்லடை

ஒரு மலையாம். மலைக்கு நமுனுகுல என்று பேராம். மலையடியில் தேயிலையாம், தேயிலைக்கு நடுவில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயமாம், லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு புருசனும் பெண்டாட்டியுமாம். புருசனுக்கு மூளை அதிகமாம். பெண்டாட்டி சொன்னதல்ல, அவரே சொன்னது.

அவர் பெயர் ரெங்கசாமி. தேயிலையை அரைத்துக் காயவைக்கும் ஸ்டோரில் சல்லடை ஓட்டுகிறவர். காய்ந்த தேயிலையைப் போட்டு ஆட்டினால் தூள் வேறு, இலை வேறு என்று பிரித்துத் தருமே, அந்தச் சல்லடை. பன்னிரண்டு வருசம் அது ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, தூக்கத்திலும் அவர் தலை ஆடும். மனைவி மாரியாயி அதே ஸ்டோரில் சல்லடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேயிலையில் கலந்த குச்சி பொறுக்குகிறவள்.

அந்த வருசம் பதுளைக்குக் கார்னிவெல் வந்தது. அங்கே ஒரு சூதாட்ட மிஷின். காசைப் போட்டுக் கைபிடியை இழுத்தால் படங்கள் சுற்றி நிற்கும். ரெங்கசாமி பத்துச் சதம் போட்டார். போயிற்று. இன்னொரு பத்துச் சதம் போட்டார். அதுவும் அண்ணனைத் தேடிப் போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போதே மகா பெரிய முடிவுக்கு வந்துவிட்டார். காசு போடுகிறவன் முட்டாள். மிஷின் செய்கிறவன்தான் முதலாளி.

"இந்தா புள்ள, நான் ஒரு மிஷின் செய்யப்போறேன்."

"என்னா மிஷினு?"

"சீட்டாட்ட மிஷினு. முந்நூத்தி நாலு, ரம்மி, கழுத, மூணு ஆட்டமும் ஒண்ணுக்குள்ள."

"ஒரு ஆட்டத்துக்கே உங்களோட சேர ஆளு வரமாட்டேங்குது."

"சிரிக்காத. கார்னிவெல் மொதலாளிக்குப் பிடிச்சுப்போச்சுன்னா என்னையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. மாத்தறை, காலி, கல்முனைன்னு ஊர் ஊராப் போவேன். அப்புறம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டு இல்ல, கங்காணி இல்ல..."

"பொண்டாட்டி?"

"மாசம் ஒரு கடுதாசி போடுவேன்."

மாரியாயி ஒரு விறகை உள்ளே தள்ளினாள். அடுப்பை ஊதினாள்.

ஸ்டோரில் கழித்துப்போட்ட சல்லடை ஒன்று வந்தது. தேயிலைப் பெட்டி ஒன்று வந்தது. சைக்கிள் பெடல் ஒன்றும் வந்தது; சைக்கிள்காரர் இன்னும் தேடுகிறார். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி முப்பத்திரண்டு சீட்டு செய்தார். வேலை விட்டால் வீடு, வீட்டுக்கு வந்தால் பெயின்ட். ராஜாவுக்குக் கிரீடமும் முறுக்கு மீசையும். ராணிக்கு மூக்குத்தி. ஜாக்கிக்குத் தலைப்பாகை. ஒவ்வொருவருக்கும் நாலு பூச்சு. ஆசுக்கு மட்டும் நடுவில் ஒரு பொட்டு.

"ராஜாவுக்கு நம்ம பெரிய கங்காணி மூஞ்சி" என்றாள் மாரியாயி, தேத்தண்ணீரை வைத்தபடி.

"மூஞ்சிய விடு. ஆட்டத்தக் கேளு. என்ன சீட்டு விழும்னு மொதல்லயே சொல்லணும். பெடல மூணு சுத்து சுத்தினா சல்லடை ஆடி, ஓட்ட வழியா மூணு சீட்டு பெட்டியில விழும். சொன்னது விழுந்தா முந்நூத்தி நாலு மாதிரி புள்ளி. மூணும் ஒரே இனம்னா ரம்மி. சொன்னது விழாட்டி கழுத. கழுதன்னா கத்தணும்."

"சொன்னது விழுந்தா யாரு கத்துறது?"

ரெங்கசாமி அதை யோசிக்கவில்லை. ஆனாலும் பெருந்தன்மையாக, "நான்தான்!" என்றார்.

மூன்று மாதத்தில் மிஷின் தயார். லயத்து ஆட்கள் வரிசையாக வந்தார்கள். முந்நூற்று நாலில் ஜாக்கிதானே பெரிய சீட்டு? இராமையா, "ஜாக்கி" என்றார், கத்தினார். அவர் மச்சான், "ஜாக்கி" என்றார்; கத்தினார். ஒரு சாயங்காலம் முழுக்க லயத்தில் ஒரே கழுதைச் சத்தம். என்ன சீட்டு விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? ஜாக்கி விழவில்லை, அது போதும். ரெங்கசாமிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெல்லவே முடியாத மிஷின்!

ரெங்கசாமி போட்ட கடுதாசியைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கார்னிவெல் முதலாளி ஜெயரட்ணம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து பயந்து ஏறி வந்தார். தானே ஆடினார். "ஜாக்கி" என்றார். விழவில்லை. கௌரவமாக, மெதுவாக ஒருதரம் கத்தினார்.

"நல்ல சாமான்தான் ஐசே" என்றார். "நாளைக்கே லொறியில ஏத்துவம். நீரும் வாரும்."

ரெங்கசாமி அப்போதே மனசால் மாத்தறை போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ஏங்க, நானும் ஒருவாட்டி ஆடிப் பாக்கவா?" என்றாள் மாரியாயி.

"இவளுக்குச் சீட்டப் பிடிக்கவே தெரியாதுங்க மொதலாளி."

"அதாலென்ன, ஆடட்டும்."

"ஆசு" என்றாள்.

பெடல் சுற்றியது. ஆசு. ஆசு. ஆசு.

"ரம்மியா இது?" என்று கேட்டாள் அப்பாவியாக. ரெங்கசாமி கத்தினார். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று எல்லாவற்றையும் மறுபடி அள்ளிப்போட்டார். "ஆசு" என்றாள். விழுந்தது. கத்தினார். மூன்றாம் முறை முதலாளியே அள்ளிப்போட்டு, முதலாளியே சுற்றினார். ரெங்கசாமி கத்திய கத்தில் கீழ் லயத்து நாய்கள் பதில் சொல்லின.

"எப்பிடித் தங்கச்சி?"

"சல்லடைங்க அது. சன்னமானது மொதல்ல விழும், தடிச்சது கடைசியில விழும். ஆசுக்கு ஒத்தப் பொட்டு. ராஜா ஜாக்கியெல்லாம் நாலு பூச்சு பூசிக் குச்சி மாதிரி மேலேயே கெடப்பாங்க."

ஜெயரட்ணம் எழுந்து வேட்டியை உதறினார். "ஐசே, இது சூதாட்ட மிஷின் இல்லை. தேயிலை அரிக்கிற மிஷின். இதைக் கொண்டுபோனா நான் கோவணத்தோடதான் ஊருக்குப் போகவேணும்." இறங்கிப் போய்விட்டார்.

ரெங்கசாமி மிஷினைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"சல்லடையத் தூக்கிட்டு வந்தீங்கள்ல, அன்னைக்கே."

"மூணு மாசமா வாயத் தொறக்கலையே, பாவி!"

"மூணு மாசமா நீங்க சாராயத் தவறணைப் பக்கம் போனீங்களா? வேலை விட்டா வீடு, வீட்டுக்கு வந்தா பெயின்ட். குடிக்கிறதுக்கு என் கையால தேத்தண்ணி. நான் ஏன் வாயத் தொறக்கணும்?"

"இனிமே சத்தியமா ஒரு மிஷினும் செய்யமாட்டேன்!"

"வேணாம், செய்யாதீங்க. கார்னிவெல்ல குதிரப் பந்தயத்துக்கு மிஷினு இல்லையாம். அது ரொம்பக் கஷ்டம். உங்களால முடியாது." வாளியை எடுத்துக்கொண்டு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

இது தூண்டில் என்று ரெங்கசாமிக்குத் தெரியாமலில்லை. நன்றாகவே தெரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, குதிரைக்குக் கால் வைப்பதா சக்கரம் வைப்பதா என்று யோசித்தபடி, ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கும் பழைய இரும்புக் குவியலை நோக்கி நடந்தார்.