ஊதுகுழல் போட்ட வண்டி

உலகமே திரண்டு வந்தாலும் என் மோட்டார் சைக்கிளை விற்க மாட்டேன் என்று அடுக்களை வாசலில் நின்று அறிவித்தேன். உலகம் வரவில்லை. என் மனைவி அன்னத்தாய் மட்டும் கரண்டியோடு வந்தாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்து நின்று அதையே மறுபடியும் அறிவித்தேன்.

“விக்காம என்ன செய்யப் போறிய? பிரேக்கைப் பிடிச்சா முன்பக்கம் அப்படியே குப்புற அமுங்குது. பின்னால இருக்கவ உங்க முதுகுல போயி முட்டணும். அது வண்டியா, முட்டுத மாடா?”

“வயசான வண்டி. கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும்.”

“என் தம்பி சிவகணேஷ் ஆள் பாத்து வச்சிருக்கான். வித்துட்டு ஸ்கூட்டர் வாங்குங்க. ரெண்டு பேரும் சேந்து போலாம்.”

ரெண்டு பேரும் சேர்ந்து. அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

உங்களிடம் மறைப்பதற்கென்ன. எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அன்னத்தாயின் பிறந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நானும் நெற்றி நிறையத் திருநீற்றோடு பாளையங்கோட்டையில் அரசாங்க ஃபைல் பார்க்கிறவன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெயும் துண்டுமாகப் பாபநாசம் போய், தாமிரபரணியில் ஆசை தீரக் குளித்துவிட்டுத் திரும்பும்போது, பத்தமடைக்குப் பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடை முன்னால் வண்டி தானாக நின்றுவிடும். ரெண்டு புரோட்டா, மேலே கோழிச் சால்னா. வாரம் முழுக்க ஆபீசிலும் குனிந்து வீட்டிலும் குனிந்து கிடக்கிறவன் நிமிர்ந்து உட்காருகிற இடம் அந்தக் கடை பெஞ்சு ஒன்றுதான்.

இந்தச் சுதந்திரத்தைக் காத்து வந்ததே முன் சக்கரத்தைத் தாங்குகிற அந்த அமுங்கிப்போன ஃபோர்க்தான். ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அன்னத்தாயை நெல்லையப்பர் கோயிலுக்கு வண்டியில் கூட்டிப் போனேன். பள்ளத்துக்கு ஒரு முட்டு, பஸ்ஸுக்கு ஒரு முட்டு, ரத வீதியில் படுத்திருந்த மாட்டுக்கு ஒரு பெரிய முட்டு. வீட்டு வாசலில் இறங்கியவள் மூக்கைத் தடவிக்கொண்டே, இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு டவுன் பஸ், எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஸ்கூட்டர் வந்தால் ஆறும் போச்சு, சால்னாவும் போச்சு. ஆகவே வண்டி மேல் குறை சொல்ல வழியில்லாமல் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். ஃபோர்க் சரியானால் அவள் ஏறிக்கொள்வாளே என்று நீங்கள் கேட்கலாம். ஏற மாட்டாள். சொன்ன சொல் மாறாத குடும்பம் என்று பெண் பார்க்கப் போனபோதே என் மாமனார் சொல்லியிருந்தார்.

“ஃபோர்க்கை நானே சரி பண்ணுதேன்” என்றேன்.

“நீங்களா? குக்கருக்கு விசில் மாட்டத் தெரியாம பருப்பை உத்தரத்துக்கு அனுப்புன ஆளுல்லா நீங்க.”

அதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை சும்மா இருக்க முடியுமா. நேரே மெக்கானிக் காஜா முகைதீன் பட்டறைக்குப் போனேன். அவர் முன்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

“ஸ்பிரிங் சோந்து போச்சு அண்ணாச்சி. பழைய ஆயிலை இறக்கிட்டு கெட்டி ஆயிலா ஊத்தணும். ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்குக்கு மேல ஒரே அளவுல இரும்புக் குழாய்த் துண்டு வச்சு மூடுனா நிமிந்துக்கும். இங்கன விட்டுட்டுப் போங்க, போட்டுத் தாரேன்.”

“வேண்டாம் வே. இது என் கையாலதான் நடக்கணும்.”

காஜா முகைதீன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆயில் வாங்கினேன். குழாய்க்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், அன்னத்தாய் வீட்டுச் சீராக வந்த இரும்பு ஊதுகுழல் எதிரே சுவரில் சாய்ந்து நிற்கிறது. கேஸ் அடுப்பு வந்தபின் பரணில் ஏறிய சாமான். நெல்லையப்பரே இறக்கி வைத்தார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் சீர் இரண்டு துண்டாகிவிட்டது.

ஃபோர்க் மூடியைத் திருகியதும் ஸ்பிரிங் அதை எத்தி எறிந்தது. “அண்ணாச்சி, ஒரு மூடி எங்க வாளியில கிடக்கு” என்று பக்கத்து வீட்டு தேவசிகாமணி மதிலுக்கு மேல் நீட்டினார். ஆயில் பாதி ஃபோர்க்குக்குள், பாதி என் வேட்டியில். கடைசியில் குழாய்த் துண்டை வைத்தபின் மூடி உட்காரவே மாட்டேன் என்றது. தொங்கிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அதற்குள் கோயிலிலிருந்து வந்துவிட்ட அன்னத்தாய் மூடியில் கையை வைத்து அழுத்தினாள். ஆட்டுரலில் மாவரைத்த கை. மூடி அடங்கி உட்கார்ந்தது, நான் திருகினேன். ஊதுகுழலைப் பற்றி அவள் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வண்டி நிமிர்ந்து நின்றது. நானும் நின்றேன். கேரியரில் சொம்பு நிறையத் தண்ணீரைக் கட்டி, ரத வீதியை ஒரு சுற்றுச் சுற்றி, வீட்டு வாசலில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினேன். வண்டி குப்புற அமுங்கவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

“இப்ப என்ன சொல்லுத?”

“சரி, விக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் வழக்கு. அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே ஃபைல் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின் சீட்டில் அன்னத்தாய் உட்கார்ந்திருந்தாள், மடியில் எண்ணெய்க் கிண்ணமும் மாற்றுச் சேலையும்.

“இதுல ஏற மாட்டேன்னியே?”

“முட்டுத வண்டியில ஏற மாட்டேன்னேன். இப்பத்தான் முட்டலியே. எடுங்க.”

பாபநாசத்தில் அவள் சாவகாசமாகக் குளித்தாள். எனக்குத் தண்ணீர் சுட்டது. திரும்பும்போதுதான் வாயைத் திறந்தேன்.

“அப்பம் ஸ்கூட்டர்?”

“ஸ்கூட்டராவது ஒண்ணாவது. சிவகணேஷுக்கு இந்தப் பேச்சே தெரியாது. அப்படிச் சொல்லாட்டி நீங்க ஸ்பேனரைத் தொடுவியளா?”

“அந்த ஊதுகுழல்?”

“நான் முன்னயே போயி விசாரிச்சப்பம், இரும்புக் குழாய் வேணும்னு காஜா அண்ணாச்சி சொல்லிட்டாக. நான்தான் கண்ணுல படுத மாதிரி எடுத்து வச்சேன்.”

பத்தமடை நெருங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை விரட்டினேன். புரோட்டா மாஸ்டர் ரோட்டுக்கே ஓடி வந்து கையைக் காட்டினார்.

“என்ன அண்ணாச்சி, நிக்காமப் போறிய? கல்லு காஞ்சு கிடக்கு.”

“நிறுத்துங்க” என்றாள் அன்னத்தாய்.

பிரேக்கை அழுத்தினேன். துளியும் அமுங்காமல் வண்டி கம்பீரமாக நின்றது. எனக்குத்தான் உள்ளே எல்லாம் அமுங்கிவிட்டது.

“அன்னைக்குக் கோயிலுக்குப் போகையில என் மூக்கு உங்க சட்டையில இடிச்சுதுல்லா? இடிக்கும்போதெல்லாம் மசாலா வாசம். வீட்டுக்கு வார வரைக்கும் ஒரே கோவம்.”

“பொறவு?”

“பொறவு ராத்திரி தயிர்சாதம் இறங்கல.”

அவள் உள்ளே போய் என் பெஞ்சில், என் இடத்தில், உட்கார்ந்தாள்.

“மாஸ்டர், ரெண்டு புரோட்டா. சால்னாவைத் தாராளமா ஊத்துங்க.”

“அண்ணாச்சிக்கு?”

“அவுக இத்தனை நாளு ஒத்தையில தின்னாச்சு. ரெண்டு வாழைப்பழம் குடுங்க.”

நான் பழத்தை உரித்தேன்.