வாளி சிந்தாத வண்டி

கெடா மாநிலத்திலேயே ஒரு புது வண்டிகூட வாங்காமல் அதிக வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பிரேக் அண்ணன் என்று சொல்வேன். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜித்ரா வரைக்கும் அவரைத் தெரியாத மோட்டார் கடை முதலாளி, எங்கள் பேச்சில் டவுக்கே, கிடையாது. அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்ததுமே சில டவுக்கேமார்கள் சாப்பாட்டு நேரம் என்று இரும்புக் கதவை இழுத்துவிடுவார்கள். அப்போதுதான் கடை திறந்திருப்பார்கள்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மெர்போக் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்து டிராக்டர் டிரைவர். ஒருநாள் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது பிரேக் பிடிக்காமல் டிராக்டர் பின்னுக்கு உருண்டது. இவர் குதித்துவிட்டார். டிராக்டர் தனியாகப் போய்க் கால்வாயில் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அமுக்கிப் பார்க்காமல், ஆட்டிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே டிரைவர் பக்கம் குனிந்து, "தம்பி, பிரேக்கு நல்லா புடிக்குதா?" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை எழுப்பி நிற்கவைத்துவிட்டு மணமேடை நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். பெண் வீட்டார் குறை மாப்பிள்ளையிடம் என்று நினைத்துக் கலங்கிப் போனார்கள்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்து ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தவன். ஸ்டோரைப் பூட்டிவிட்டு லயத்து வீட்டுக்குப் பாதி தூரம் வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்துவிட்டு வந்த பிறகு, இழுத்துப் பார்க்கும்போது பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று ஒரு கவலை வரும். நானும் பிரேக் அண்ணனும் சேர்ந்து சாலையைக் கடந்தால், அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் கடை சாத்திவிடுவான் என்று தோட்டத்தில் சொல்லுவார்கள்.

எங்கள் தோட்டத்தில் மலைக்காடு என்று ஒரு பகுதி உண்டு. நல்ல பால் மரங்கள். ஆனால் பாதை செங்குத்து, செம்மண். டிராக்டர் கீழ்ச்சாலையோடு நின்றுவிடும். மேலே பாலுக்காகப் பட்டையைச் சீவி மரம் வெட்டுகிற பெண்கள் பாலைக் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளிகளில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து இறங்க வேண்டும். அண்ணனின் மனைவி தனம் அக்காவுக்கு அங்கேதான் வேலை. அக்காவின் வலது தோளில் காண்டா அழுத்தி அழுத்தி மாங்கொட்டை மாதிரி ஒரு தடிப்பு. சாயங்காலத்தில் அண்ணன் தேங்காய் எண்ணெய் சூடு பண்ணி அதில் தேய்த்துவிடுவார். தேய்த்துக்கொண்டே, "இன்னும் எத்தன நாளு தாங்கும்னு தெரியலையே" என்பார். டயரைப் பற்றிப் பேசுகிற குரலில்.

ஒருநாள் அவரே பங்களாவுக்குப் போய்விட்டார்.

"தொர, பொம்பளைங்க தோள்ல வாளி ஏறக் கூடாது. மலைக்கு ஒரு வண்டி வேணும்."

தோட்டத்து மானேஜரான பெரிய தொரை வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிற நேரம். நல்ல மனிதர். கொழுத்த டயர் போட்ட மலை மோட்டார்கள் வந்திருப்பதாக அவரும் கேள்விப்பட்டிருந்தார். "நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு, கையெழுத்துப் போடறேன். ஆனா பங்குனி உத்திரத்துக்கு நான் இங்க இருக்கமாட்டேன். வர்றவன் எப்படியோ" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போ. அவன் பயப்படாத இடத்துல நீ பயப்படுவ. தப்பான வண்டி வராது" என்றார். நான் கடைசிவரைக்கும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கும். சுங்கைப் பட்டாணி டவுக்கே கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்று பெருவிரலைத் தூக்கினார். அண்ணன் வண்டியைப் பார்க்கவே இல்லை.

"வண்டி இருக்கட்டும் டவுக்கே. செயின் அறுந்தா மாத்துச் செயின் இருக்கா? பிரேக்குக் கேபிள்? மொதல்ல அதக் காட்டு. வண்டிய அப்புறம் பாக்கலாம்."

காட்டியதும் சம நிலத்தில் ஓட்டமாட்டேன் என்றார். "சமமா இருந்தா நானே நடந்துருவேனே. மலைக்குக் கொண்டு போகணும் லா." டவுக்கேயும் பெரிய தொரையின் முகத்துக்காகச் சம்மதித்தார்.

மலைக்காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் முனியாண்டி கோயில். எங்கள் தோட்டத்தில் புது வண்டி எது வந்தாலும் முதலில் அங்கே நின்று, சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பும்.

"அண்ணே, இது இன்னும் நம்ம வண்டி இல்ல. கடைக்காரன் வண்டி" என்றேன்.

"சாமிகிட்டக் கேக்காம எப்படிடா வாங்கறது?"

பூசாரி விபூதி சந்தனம் எல்லாம் பூசிவிட்டு, கையில் ஒரு பழத்தோடு திகைத்து நின்றார். "மூணு சக்கரத்துக்கு நாலு பழம் கொண்டாந்திருக்க. இத எங்க வைக்க?"

"இவரு தலைக்கு அடியில வைங்க பூசாரி" என்றார் தனம் அக்கா. "அதுதான் எந்நேரமும் உருண்டுக்கிட்டே இருக்கு."

அண்ணனுடைய பரீட்சை இதுதான்: அவர் ஓட்ட, அக்கா பின்னால் உட்கார வேண்டும். தோளில் காண்டா, இரண்டு வாளியிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி இன்ஜினை அணைத்து, மறுபடி எடுக்க வேண்டும். சரிவில் குறுக்கே திரும்ப வேண்டும். வாளி சிந்தக் கூடாது. "நிக்கத் தெரியாத வண்டிக்கு ஓடத் தெரிஞ்சு என்ன?" என்பார்.

மூன்று சக்கரம் ஏறியது. நின்றது. மறுபடியும் எடுத்தது. குறுக்கே திரும்பும்போது மெல்லச் சாய்ந்து, மரியாதையாக இரண்டு பேரையும் கால்வாயில் இறக்கிவிட்டுத் தானும் படுத்துக்கொண்டது. பயத்தில் மூடிய கண்ணை நான் திறந்தபோது அக்கா சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

"வாளி ரெண்டும் காலி. பொண்டாட்டி பாக்கி இருக்கேன். போதுமா?"

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சந்தனம், நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல், ஹேண்டிலில் குங்குமம். டவுக்கே குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளிறிப் போய், "டாரா கா?" என்றார். ரத்தமா என்று கேட்கிறார்.

"ரத்தம் இல்ல டவுக்கே, சாமி குங்குமம்" என்றார் அக்கா. "ரத்தம் என் முட்டியில இருக்கு."

தைப்பூசம் முடிந்து நாங்கள் அந்தக் கடைப் பக்கம் போனபோது நாலு சக்கர வண்டி ஒன்று சிவப்பாக நின்றது. டவுக்கே அன்றைக்குக் கதவை இழுக்கவில்லை. இந்த முறை பிழைத்துக்கொள்வோம் என்று அவருக்கே நம்பிக்கை. அண்ணன் கேட்டபடி பின் கேரியரின் இரண்டு பக்கமும் வாளி மாட்டக் கம்பியை வளைத்துக் கொக்கிகூட வைத்துக் கொடுத்தார். கொக்கு கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு கொக்கிகள்.

அந்த வண்டி ஏறியதை நான் இன்னும் மறக்கவில்லை. இடதும் வலதும் வாளி, நடுவில் அக்கா. ஏறியது, நின்றது, அணைந்தது, மறுபடி உறுமிக்கொண்டு எடுத்தது, குறுக்கே திரும்பியது, இறங்கியது. வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். வைத்த இடத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. மூன்று சக்கரத்தில் மிச்சமாகிப் போன எலுமிச்சம்பழத்துக்கும் இப்போது ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று பூசாரிக்குத் திருப்தி.

"வாங்குங்க. போதும்" என்றார் அக்கா.

என் ஆயுசில் நான் கவலைப்படாத ஒரே சாமான் அந்த வண்டிதான். "வாங்கிடலாம்ண்ணே" என்றேன்.

அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீயா சொல்ற? உனக்கே பயம் வரலன்னா, இதுல என்னமோ இருக்குடா."

குனிந்து மண்ணை ஒரு பிடி எடுத்து உதிர்த்தார். புழுதியாகப் போயிற்று. "காஞ்ச மண்ணு. இதுல ஆட்டுக்குட்டி கூட ஏறும். மழ பேஞ்சு வழுக்கற மண்ணுல ஏறட்டும். அப்புறம் தண்ணி ஆடற ஆட்டம் வேற, பால் ஆடற ஆட்டம் வேற. வாளியில பால ஊத்தி ஏத்திப் பாக்கணும்."

அது மரங்கள் இலை கொட்டுகிற காலம். மலைக்காடு முழுக்க மொட்டையாக நிற்கும். மரம் வெட்டமாட்டார்கள், பால் கிடையாது. மழையும் கிடையாது. கெடாவில் அந்த மாதங்களில் வானம் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். மழையும் பாலும் சேர்ந்து வருகிற நாளுக்கு அண்ணன் காத்திருக்க ஆரம்பித்தார். விடிந்ததும் வாசலில் நின்று ஜெராய் மலை உச்சியில் மேகம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"மழ வரும்போது வரட்டும். மொதல்ல வண்டிய வாங்கி வைங்களேன்" என்பார் அக்கா.

"வாங்கிட்டு வழுக்குச்சுன்னா? ஒன்ன வச்சுக்கிட்டு நான் பரீட்ச பாக்கறதா?"

"இத்தன நாளு யார வச்சுப் பாத்தீங்க?"

பெரிய தொரை பங்களாவிலிருந்து ஆள் அனுப்பி, மழை வந்துவிட்டதா என்று கேட்பார். பெட்டி கட்டும்போதும் கேட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் மாலை போட்டு வழியனுப்பும்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, வண்டி?" என்றார். "மழ வரட்டும் தொர" என்றார் அண்ணன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

புது மானேஜர் இளைஞர். மலைக்காட்டைக் கீழே நின்றபடியே பார்த்தார். "இத அழிச்சு எண்ணெய்ப்பனை போடப் போறோம். இன்னும் கொஞ்ச காலத்துக்கு எதுக்கு வண்டி? அதுவரைக்கும் வழக்கம்போல நடக்கட்டும்" என்றார். அந்த நேரத்தில் சிவப்பு வண்டியைச் செர்டாங் பக்கத்து டுரியான் பழத் தோட்டக்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாராம். அவ்வளவுதானாம்.

பிறகு தளிர் வந்தது, பால் வந்தது, மழையும் வந்தது. அண்ணன் கேட்ட மழையேதான். முதல் பெரிய மழைக்கு மறுநாள், காண்டாவில் இரண்டு வாளிப் பாலோடு இறங்கும்போது தனம் அக்கா வழுக்கினார். அண்ணன் கீழ்ச்சாலையில் டிராக்டரோடு நின்றிருந்தார். அவர் காலடியில் முதலில் வந்து நின்றது ஒரு வாளி. மேலே ஓடிப் போய்ப் பார்த்தால், செம்மண் பாதை நெடுக வெள்ளையாகப் பால். அக்கா புரள முடியாமல் கிடந்தார். இடுப்பு.

"பால் பூராவும் போச்சுங்க" என்றாராம் முதலில்.

டிராக்டர் டிரெய்லரில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன்தான் ஓட்டினார். தோட்டத்து எல்லையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஒருமுறைகூடப் பிரேக்கில் கால் வைக்கவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

அக்கா பிழைத்து எழுந்தார். நடை பழைய நடையாக வரவில்லை. தடி ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. அதற்குப் பிறகு அண்ணன் மோட்டார் கடைகளுக்குப் போகவில்லை. எப்போதும் போகிற பஸ்ஸில் ஒருநாள் பேசாமல் ஏறி உட்கார்ந்தார். டிரைவருக்கே தாங்கவில்லை. "என்னண்ணே, பிரேக்கு புடிக்குதான்னு கேக்கலையா?"

"நீ பாத்துக்க தம்பி" என்றார்.

மலைக்காட்டை அழித்தார்கள். நாங்கள் எல்லாரும் தோட்டத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணி ஓரத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தோம். நான் ஓர் இரும்புக் கடையில் சேர்ந்து, இரண்டு பூட்டுகளைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினேன். மழை விட்ட ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டுக்குப் பின்னால், எப்போதோ கேட்டுப் பழகிய ஓர் இன்ஜின் சத்தம். எட்டிப் பார்த்தேன். வீடு கட்டத் தோண்டிய செம்மண் மேடு. அதன் அடிவாரத்தில் பிரேக் அண்ணன். பின்னால் அக்கா. சிவப்பு எது, துரு எது என்று தெரியாத ஒரு வண்டி.

"பழைய இரும்பு வாங்கறவன்கிட்டக் கெடந்துச்சுடா" என்றார் அண்ணன். "கொக்கியப் பாத்தேன். புடிச்சுக்கிட்டேன்."

கேரியரின் இரண்டு பக்கமும் அந்தக் கொக்குக் கழுத்துகள் இருந்தன. ஆனால் வாளி கொக்கியில் இல்லை. அக்காவின் மடியில் இருந்தது. விளிம்புவரை தண்ணீர்.

"எதுக்குக்கா தண்ணி?" என்றேன்.

"டெஸ்டு இன்னும் முடியல தம்பி" என்றார் அக்கா. "மழ வந்துச்சுல்ல."

வண்டி ஈரச் செம்மண்ணில் ஏறியது. பாதியில் நின்றது. அணைந்தது. இரண்டு இருமல் இருமிவிட்டு மறுபடி எடுத்தது. குறுக்கே திரும்பும்போது பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. அக்கா வாளியை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பிறகு நத்தை மாதிரி இறங்கி, நான் நின்ற, கூரைக்குக் கீழே காய்ந்திருந்த சிமெண்டுத் தரையில் ஏறி நின்றார்கள். அக்காவின் சேலை மடியிலிருந்து முழங்கால்வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் திரும்பாமலே கேட்டார். "சிந்துச்சா?"

"ஒரு சொட்டுக்கூட இல்ல" என்றார் அக்கா. "போங்க, இன்னொரு தரம் ஏறுங்க."

அண்ணன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் குனிந்து தரையைப் பார்ப்பதற்குள், நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நகர்ந்து வந்து, சிமெண்டில் விழுந்திருந்த ஈரத்தின் மேல் என் இரண்டு கால்களையும் வைத்து நின்றுகொண்டேன்.