டியூப்லைட் தண்டல்

வாசலில் குட்டியானை வண்டி இரைந்துகொண்டு நின்றது. பீரோ ஏறியாச்சு, கட்டில் ஏறியாச்சு, வீட்டுக்காரர் ஜோன்ஸ் மோத்தா மட்டும் இன்னும் ஏறவில்லை. காலி அறையில் நாற்காலிமேல் நின்று, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, லைட்டையும் கழட்டணுமா?" என்றான் டிரைவர் பாண்டியராஜ்.

"லைட்டு கெடக்கட்டும்டே. அதுக்குப் பின்னால ஒரு பல்லி இருக்கு. அதையும் கொண்டு போவணும்."

பாண்டியராஜ் போய் வண்டியை அணைத்துவிட்டு வந்தான். இது லேசில் முடிகிற காரியமில்லை என்று பட்டுவிட்டது.

பல்லிக்குப் பெயர் தண்டல். மோத்தா தோணியை நடத்தும் தண்டலாக மாலத்தீவுக்குப் போய்வந்தவர்; அவரைக் கிண்டல் செய்யவே, படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி எஸ்கலின் அந்தப் பெயரை வைத்தாள். "கண்ணுல படுற உசுரையெல்லாம் எழுதுங்க மம்மி, பொழுது போவும்" என்று மகள் ரீனா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். படுத்திருப்பவள் கண்ணில் மயிலா வந்து நிற்கும்? பல்லிதான் வந்தது. வலது கை விழுந்துவிட்டதால் அவள் சொல்லச் சொல்ல மோத்தா எழுதினார்.

புயலில் தோணி ஓட்டிய மனிதருக்கு நோயாளி அறை என்றால் மட்டும் நெஞ்சை அடைக்கும். நாள் முழுக்க வாசலில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். "தண்டல் வந்துட்டாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு போவார். இன்று ஈசல் பிடித்தார், இன்று சும்மா தூங்கினார் என்று எழுதி முடிப்பதற்குள் பொழுது இருட்டிவிடும்.

எஸ்கலின் போய்ச் சேர்ந்துவிட்டாள். நோட்டு நிற்கவில்லை. அவளுடையது என்று அவர் கையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மில்லர்புரத்தில் ரீனா பார்த்திருக்கும் புது ஃபிளாட்டிலோ ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை. பல்லி வராது. வராவிட்டால் எழுத என்ன இருக்கிறது? அதை நினைத்தாலே அவருக்கு அழுகை முட்டியது.

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த ரேச்சல் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கினார். எஸ்கலினைக் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட நாசரேத்துப் பெண் அவள். இன்று ஒத்தாசைக்கு வந்திருந்தாள்.

"ஐயா, அந்தப் பல்லி வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"பேசாத பிள்ள, ஓடிப்போயிரும்."

டியூப்லைட்டைத் தட்டினார். தண்டல் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் பாய்ந்தார். படத்தை உருவினார்கள். தண்டல் படத்தோடு ஒட்டிக்கொண்டே வாசல்வரை வந்து, அங்கிருந்து வண்டிக்குத் தாவினார்.

"பீரோவுக்குள்ள போயிட்டு அண்ணாச்சி."

"எறக்கு."

பீரோவை இறக்க வேண்டுமென்றால் முதலில் கட்டில் இறங்க வேண்டும். இறங்கியது. மிக்சி வைத்த சாக்கு தானாகவே இறங்கி உடைந்தது.

"டாடி, என்ன செய்யுதிய? புது வீட்ட மந்திரிக்க ஃபாதர் அங்கன வந்து ஒக்காந்திருக்காவ" என்று ரீனா தலையில் கை வைத்தாள்.

"ஒன் மம்மிக்கு என்னையவிட இந்தப் பல்லி மேலதான்ளா உசுரு. விட்டுட்டு வந்தா, நாளைக்கு மேல போயி அவகிட்ட என்ன பதில் சொல்லுவேன்?"

ரீனா ஃபாதருக்குப் போன் போட நகர்ந்தாள்.

பாண்டியராஜ் பீரோக் கதவைத் திறந்ததும் மோத்தா பாட்டிலைக் கவிழ்த்தார். தண்டல் உள்ளே அகப்பட்டார். வால் வெளியே விழுந்து துடித்தது. மோத்தா வாலையும் பொறுக்கிப் பாட்டிலில் போட்டார். நோட்டில் பொய் எழுத முடியாதல்லவா?

வெற்றியோடு அறைக்குத் திரும்பி, ஒருதரம் சுற்றிப் பார்த்தார். டியூப்லைட்டிலிருந்து சத்தம் வந்தது. நீள வாலோடு இன்னொரு பல்லி சாவகாசமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மோத்தா பாட்டிலைத் தூக்கிப் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தினம் பார்த்து எழுதியவருக்கு இப்போது அடையாளம் தெரியவில்லை. எஸ்கலின் முகமே மறந்துபோனதுபோல் பயந்துவிட்டார்.

"ஏளா ரேச்சல், நீதான எப்பவும் கூட இருந்த. இதுல எது அவ தண்டல்?"

ரேச்சல் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்தத் தண்டல் வந்த மாசமே கதவிடுக்குல நசுங்கிச் செத்துட்டு ஐயா. ஒங்ககிட்ட சொல்ல வந்தேன், அம்மா விடல. 'எந்தப் பல்லி வந்தாலும் தண்டல்னே சொல்லு பிள்ள, பல்லி இல்லன்னா அந்த மனுசன் இந்த ரூம் பக்கமே வரமாட்டாரு'ன்னுட்டாவ."