தோற்காத நாற்காலி

அந்தத் தொகுதியில் தேர்தல் அறிவித்தால் முதல் கூட்டம் கூடுவது நாற்காலி மகானின் வீட்டு வாசலில்தான். வாக்குச்சாவடிக்கு வராதவர்கள்கூட அங்கே வந்துவிடுவார்கள். வேட்பாளர்களின் கார்கள் தெருமுனைவரை நிற்கும்.

கூடத்தின் நடுவே சிவப்பு வெல்வெட் போட்ட ஒரு மர நாற்காலி. சுவர் முழுக்கப் புகைப்படங்கள். தொகுதி பிறந்த நாள் தொட்டு ஜெயித்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் தேர்தலில் ஜெயித்த வக்கீல். அடுத்த தேர்தலில் அவரை மண்ணைக் கவ்வவைத்த பஸ் முதலாளி. பஸ் முதலாளி பதவியிலேயே கண்ணை மூட, இடைத்தேர்தலில் அனுதாப அலையில் கரையேறிய மைத்துனர். எல்லையைத் திருத்திப் பாதித் தொகுதியைப் பக்கத்துத் தொகுதிக்குத் தாரைவார்த்த வருஷத்தில் ஜெயித்த நாடக நடிகர். கடைசியாக, இப்போதைய எம்.பி.

இவர்கள் எல்லாரும் ஆற்றுக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னவர்கள். பாலம் மட்டும் இன்னும் வரவில்லை. பாவம், அதை நாற்காலியில் உட்காரவைக்க முடியாதே!

"எங்கப்பா காலத்துலேருந்து இந்த நாற்காலி தோத்ததே இல்ல" என்பார் மகான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பெயிண்ட் கடைக்காரரின் மனைவி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பக்தியில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. கடவுளைக் கும்பிடாமல் வார்டுக்குள் கால் வைக்கமாட்டாள். ஆனால் கடவுளுக்கு வெல்வெட் நாற்காலி எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

புரியாத இன்னொன்றும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவள் கணவர் சுயேச்சையாக நிற்கிறார். கடைத்தெருவில் நாலு பேர் தோளில் தட்டி ஏற்றிவிட்டதன் பலன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகான் வீட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து மனிதர் வாயைத் திறப்பதில்லை. சாப்பிடும்போது கடைக்கதை சொல்லிச் சிரிக்கவைக்கிறவர், தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். கடைசியில் திறந்த வாய் இதற்குத்தான் திறந்தது:

"வீட்டுப் பத்திரத்தை எடுத்து வை. ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் வேணும்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னு கேக்காத. கேட்டா கெட்டுப்போயிடும்."

"வீடு போறதை விடவா கெட்டுப்போயிடும்?"

அவர் கைகழுவ எழுந்து போய்விட்டார். 

மறுநாள் அவள் வார்டில் வேன்காரர் வயிற்றுப்புண்ணோடு வந்து படுத்தார். போன தேர்தலில் நின்று, வேன்களையெல்லாம் விற்றுத் தோற்றவர். அவர் மனைவி கட்டிலோரம் நின்றுகொண்டே இருந்தாள். அவரோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாளை உட்காரவைத்தாள். இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

"அண்ணே, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை பேசினா புண்ணு சீக்கிரம் ஆறும்."

"பேசினதாலதான் சிஸ்டர் தோத்தேன்" என்றார் வேன்காரர். டீயின் சூடு உள்ளே போனதும் மிச்சமும் வெளியே வந்தது. "மகான் என்னைத் தனியா அந்த நாற்காலியில உட்காரவெச்சு, கதவைச் சாத்தி, தலையில கைவெச்சு, 'இடம் உனக்குத்தான். வெளிய சொன்னா பலிக்காது'ன்னார். போட்டோ எடுத்தார், வேன் வித்த பணத்துல காணிக்கையும் வாங்கிக்கிட்டார். நான் இவகிட்ட உளறிட்டேன். தோத்தேன். போய்க் கேட்டா, 'வீட்ல சொன்னியா?'ன்னு ஒரே கேள்வி. அன்னியோட இவகூட பேச்சை நிறுத்திட்டேன்."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை கண்முன்னே வந்தது.

அன்று அவள் கடவுளிடம் கொஞ்சம் துணிச்சல் மட்டும் கேட்டாள். பிறகு, அந்தத் தொகுதியின் வரலாற்றிலேயே யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். தோற்றவர்களை டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

ஜெயித்தவருக்கு விருந்து வைக்க ஊரே முட்டிமோதும். தோற்றவரைக் கண்டால் ஊர் எதிர்ச்சாரியில் போகும். அதனால் கூப்பிட்டதும் ஓடிவந்தார்கள். ஒரு தட்டு பிஸ்கட் தீர்வதற்குள் குட்டு உடைந்தது.

"நான் என் தம்பிகிட்ட சொல்லித் தொலைச்சேன்" என்றார் ஓய்வுபெற்ற பேராசிரியர்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. தூக்கத்துல சொல்லியிருப்பேன்னார் மகான். அதுக்கப்புறம் அஞ்சு வருஷமா வாயில துணியக் கட்டிக்கிட்டுல்ல தூங்குறேன்!" என்றார் ரைஸ்மில்காரர்.

ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் வேன்காரருக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகான் வீட்டில் எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். எம்.பி. முன்வரிசையில். எதிர்க்கட்சி வேட்பாளர் இரண்டு வரிசை தள்ளி. பெயிண்ட் கடைக்காரர் கடைசியில், தூணுக்குப் பின்னால். மகான் நாற்காலியைத் தடவிக்கொடுத்துச் சுவர்ப் படங்களைக் காட்டி வரலாறு சொன்னார். முடித்ததும் நர்ஸ் எழுந்தாள். 

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். இதுல உட்கார்ந்து தோத்தவங்க யாருமே இல்லையா?"

"சுவத்தைப் பாரும்மா. ஒருத்தன் உண்டா?"

"சுவத்துல இல்லைங்க. ஆனா கூடத்துல இருக்காங்க. அண்ணே, எழுந்திருங்க."

வேன்காரர் எழுந்தார். பேராசிரியர் எழுந்தார். ரைஸ்மில்காரர் எழுந்தார். கூடத்தின் நாலா பக்கமும் ஆட்கள் எழுந்துகொண்டே இருந்தார்கள். படங்களைவிட ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள்.

மகான் அசரவில்லை. தொழில் சுத்தம்.

"இவங்க எல்லாரும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம வெளிய சொன்னவங்க. சொன்னா பலிக்காதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

கூட்டம் தலையாட்டியது. அதற்கென்ன, யார் பேசினாலும் ஆட்டும்.

நர்ஸ் முன்வரிசையைப் பார்த்துக் கைகூப்பினாள். "எம்.பி. ஐயா, போன தடவ நீங்க எவ்வளவு கட்டுப்பாடா இருந்தீங்கன்னு எங்களுக்கும் சொல்லுங்களேன்."

பேசச் சொன்னால் எம்.பி.க்கு நிலைகொள்ளாது. "நானா? எனக்கென்ன பயம்! அன்னிக்குக் கார்ல ஏறினதுமே டிரைவர்கிட்ட சொன்னேன். சலூன்ல சொன்னேன். மாமியார் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஊருக்கே சொல்லிட்டுல்ல ஜெயிச்சேன்!"

மகான் இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

"அப்ப சொன்னவரும் ஜெயிச்சிருக்கார், சொல்லாதவரும் தோத்திருக்கார்" என்றாள் நர்ஸ். "கடைசியா ஒண்ணு. இந்தத் தடவ இடம் உனக்குத்தான்னு ஐயா யார்கிட்ட சொன்னாரோ, அவங்க மட்டும் கை தூக்குங்க."

எம்.பி.யின் கை பழக்கதோஷத்தில் மேலே போனது. அதைப் பார்த்த எதிர்க்கட்சி வேட்பாளர், "யோவ், என்கிட்டதானய்யா சொன்னே!" என்று துள்ளி எழுந்தார்.  பிறகு தூணுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, வெட்கத்தோடு, இன்னொரு கை உயர்ந்தது. நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட்.

தொகுதி ஒன்று. எம்.பி.க்கள் மூன்று. நாடாளுமன்றத்தில் பெஞ்சு போதாது.

"அடேய், நம்ம தொகுதியில அதிக தடவ தோத்தது இந்த நாற்காலிதான்டா!" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார். பிடித்தது சிரிப்பு. யாரோ மகான் மேல் கையை ஓங்கினார். நர்ஸ் குறுக்கே போய் நின்றாள்.

"அடிக்க வேணாம். வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துட்டு, நாளையிலேருந்து வேற வேலை பாக்கட்டும். ஆஸ்பத்திரியில வார்டுபாய் வேலை காலியா இருக்கு. நல்லாத் தைரியம் சொல்றார், அங்க உபயோகப்படும்."

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒருவர் அவளருகே ஓடிவந்து பயபக்தியோடு குனிந்தார். "சிஸ்டர், உங்களுக்குள்ள ஏதோ சக்தி இருக்கு. நீங்களே சொல்லுங்க, இந்தத் தடவ யார் ஜெயிப்பாங்க?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஓட்டுப் போடப்போறது யாருண்ணே?"

"நாமதான்."

"நாம போடப்போற ஓட்டு யாருக்குன்னு, எதுக்குண்ணே இன்னொருத்தர் வீட்டு வாசல்ல வரிசையில நின்னு கேக்குறோம்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நல்ல அறிகுறி.

அன்று சாப்பிடும்போது பெயிண்ட் கடைக்காரர் கடைக்கதை ஒன்று சொன்னார். பெரிய கதை ஒன்றும் இல்லை. யாரோ மஞ்சள் கேட்டு வெள்ளை வாங்கிப் போனது. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பத்திரம் பீரோவிலேயே இருந்தது.

நாற்காலியை அவள் கேட்டு வாங்கி, வெளிநோயாளிகள் நிற்கும் இடத்தில் போட்டாள். வெல்வெட் அழுக்காகிவிட்டது. அதில் உட்கார்ந்தவர் யாரும் இதுவரை எந்தத் தேர்தலிலும் ஜெயிக்கவில்லை. கால்வலி மட்டும் கொஞ்சம் குறைகிறது என்கிறார்கள். நம்ப வேண்டாம். உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.