பதினைந்தாவது வில்

நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விடும்.

பெர்சி டீச்சர் இப்படி நினைத்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினாள். கைபேசித் திரையில், ஒஹாயோவில் இருக்கும் மகன் ஜெர்சன் ஒரு குறுக்குவில்லின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கிபோலத் தோளில் வைத்து, விசையை அமுக்கினால் அம்பு பாயும் வில்.

"போன வாரம் காட்டினது கனமா இருக்குன்னு சொன்னீங்கல்லம்மா. இது ஆறு பவுண்டுதான்."

"ரெண்டே முக்கால் கிலோ. கனம் சரி. ஆனா வில்லோட கை ரெண்டும் குட்டையா இருக்கேப்பா."

"இருந்தா என்னம்மா?"

"நாண் இழுபடற தூரம் கொறையும்ல? அப்ப அம்புக்குப் போற ஆற்றலும் கொறையும். மானு ஓடிப் போயிரும்."

ஜெர்சன் தாடையைத் தடவினான். "பாயிண்டுதான்ம்மா. அப்ப நான் வேற பாக்குறேன்."

அழைப்பு முடிந்தபோது திரையில் நாற்பத்தொரு நிமிடம் என்று காட்டியது. பெர்சி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் அவள் கணவர் பெனடிக்ட் இறந்தார். ஜெர்சனின் பாஸ்போர்ட் விசாவுக்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டதால் அவனால் வர முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது படம் நின்றுவிட்டது. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அதன்பிறகு ஞாயிறுதோறும் அழைத்தான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மழை உண்டா, இல்லை. மாத்திரை? போட்டேன். இரண்டரை நிமிடத்தில் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். சுவரில் இருக்கும் பெனடிக்டின் படம் தெரியாதபடி அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாள்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், "ஆபீஸ்ல எல்லாரும் மான் வேட்டைக்குப் போறாங்கம்மா. நானும் ஒரு கிராஸ்போ வாங்கலாம்னு பாக்குறேன்" என்றான். அவள் யோசிக்காமல் அதில் ஒரு குறை சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவளுக்குக் குறை சொல்வது தானாக வந்தது. அன்று பத்தொன்பது நிமிடம் பேசினார்கள்.

அதிலிருந்து திங்கள் முதல் சனி வரை பெர்சிக்கு வீட்டுப்பாடம்தான். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு பக்கம். நீளம், எடை, நாணின் விசை, அம்பின் வேகம். கடைசியில் சிவப்பு மையில் மதிப்பெண். பாஸ் மார்க்கான முப்பத்தைந்தை எதுவும் தொடக் கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

பதின்மூன்றாவது வில்லில் இயற்பியல் கைவிட்டது. கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் சரியாகவே செய்து தொலைத்திருந்தான். இனிமேல் மிருகத்தின் பக்கமிருந்துதான் குறை கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் பால் ஊற்ற வந்த காளையிடம் கேட்டாள். நாகமலை அடிவாரத்தில் அவருக்குக் கடலைக்காடு.

"ஏன் காளை, காட்டுப்பன்னிக்கு எம்புட்டு தூரத்துல சத்தம் கேக்கும்?"

"எதுக்குக் கேக்குறீக டீச்சரம்மா?"

"தம்பி வேட்டைக்கு வில்லு வாங்குறான். நாண் விடுறப்ப சத்தம் வருமாம்."

காளை பால்கேனைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம ஜெர்சன் தம்பியா? நாலு வருசமா கடலையப் பூராம் பன்னி தோண்டித் திங்குது, கேக்க நாதியில்லையேன்னு கெடந்தேன். மகராசன். எப்ப வாரான்?"

எப்ப வாரான். ஒன்பது மாதமாக இதை யாரும் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை. வரமாட்டான், அந்த வில் அமெரிக்காவுக்கு என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பாப்போம்" என்றாள்.

மறுநாள் காலை வாசலில் நான்கு பேர் நின்றார்கள். அதற்கு மறுநாள் ஒன்பது பேர்.

"டீச்சரு, எனக்கு மயிலு தொல்ல. நெல்லுல ஒரு மணி மிச்சமில்ல" என்றாள் அன்னக்கொடி.

"மயில அடிச்சா செயில்ல போட்டுருவாக, தெரியும்ல?" என்றார் காளை.

"அடிக்கவா போறேன்? சும்மா தூக்கிக் காட்டி மெரட்டத்தான். எப்ப வருது டீச்சரு, கப்பல்லயா பிளேன்லயா?"

"அது இங்க வராதும்மா."

"ஆமா, நாம கேட்டா வராதும்பாக. காளைக்கு மட்டும் வரும்." அன்னக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரே ஊருக்குள்ள இருந்துக்கிட்டு இப்படி ஓரவஞ்சன பண்ணக் கூடாது."

இவர்களிடம் தனித்தனியாகச் சொல்லி ஆகாது என்று பெர்சிக்குப் புரிந்தது. ஆலயத்தில் போதகர் வாயால் சொன்னால் ஊர் முழுக்க நம்பும். சனிக்கிழமை ஒரு சீட்டு எழுதி ஜெப விண்ணப்பப் பெட்டியில் போட்டாள். 'அமெரிக்காவில் வசிக்கும் என் மகன் ஜெர்சன், அங்கே வேட்டைக்கு வில் வாங்குவதில் நல்ல முடிவு எடுக்க.' அமெரிக்கா, அங்கே என்ற இரண்டு சொற்களுக்கும் அடிக்கோடு போட்டாள்.

அடிக்கோட்டை வாசிக்க முடியாது என்பது ஞாயிறு ஆராதனையில்தான் தெரிந்தது. "கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் சகோதரிக்காக, வி.ஏ.ஓ. தேர்வு எழுதும் வாலிபப் பிள்ளைகளுக்காக" என்று ஓட்டமாக வாசித்து வந்த போதகர் ஒரு நொடி நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வேட்டைக்கு வில் தேடும் சகோதரன் ஜெர்சனுக்காக" என்றார். சபை பாதி ஆமென்தான் சொன்னது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆலயத்தின் பெண்கள் ஐக்கிய சங்கம் பதினோரு பேராக வந்து இறங்கியது. செயலாளர் தங்கம் முன்னால் வந்தாள்.

"டீச்சர், அப்பா செத்த துக்கத்துல பிள்ள மனசு கல்லாப் போச்சு. இல்லாட்டி ஜெர்சனாவது, மான அடிக்கிறதாவது? நம்பரக் குடுங்க. நான் பேசுறேன்."

தங்கம் பேசினால் அவன் வில்லைக் கைவிட்டுவிடுவான். பிறகு சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அவள் எண்ணைச் சொன்னாள். கடைசி இலக்கமான ஆறை மட்டும் ஒன்பதாக்கினாள். வாழ்நாளில் வேண்டுமென்றே செய்த முதல் எண் பிழை.

தங்கம் ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்ததுமே கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். பன்னிரண்டு நிமிடம், மூச்சு விடாமல், தமிழில். முடித்தபோது ஒரு வயதான வெள்ளைக்காரர் குரல் தெளிவாக "ஆமென்" என்றது.

தங்கம் கண்ணைத் திறந்தாள். "ஜெர்சன் குரல் இப்படி இருக்காதே?"

"நம்பர் மாறிருச்சு போல" என்றாள் பெர்சி.

கிழவர் நன்றி சொன்னார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ஏதோ பேசிக்கொண்டே போனார். தன் பூனையைப் பற்றி, முழங்காலைப் பற்றி.

தங்கம் கைபேசியைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், இந்த ஆளு வைக்க மாட்டேங்குறாரு!" என்றாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

பெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் கேளு தங்கம். பேசட்டும்" என்றாள்.

சங்கம் வெளியே வந்தபோது வாசலில் காளையும் அன்னக்கொடியும் நின்றார்கள். வேட்டை பாவம் என்று தங்கம் சொல்ல, "அப்ப பன்னிக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க, கடலையத் திங்காம இருக்கட்டும்" என்று காளை சொல்ல, தெருவே கூடிவிட்டது. யார் போய்ச் சொன்னார்களோ, வியாழக்கிழமை காக்கிச் சட்டையோடு வனத்துறைக்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

"டீச்சர், நான் அசோக்குமார். ரெண்டாயிரத்து மூணு பேட்ச்."

"அசோக்கா? ஒளி விலகல் படத்த எப்பவும் தலைகீழா வரைவியே, அவனா?"

"அவனேதான் டீச்சர்." அவன் தொப்பியைக் கழற்றினான். "வந்து... உங்க வீட்ல வேட்டை ஆயுதம் வச்சிருக்கறதா மனு வந்திருக்கு. பாத்துட்டுப் போகச் சொன்னாங்க."

பெர்சி நோட்டை எடுத்து அவன் முன் வைத்தாள். அசோக்குமார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். பதினான்கு வில்கள். பதினான்கு படங்கள், அம்புக்குறிகளோடு. முப்பத்திரண்டு, இருபத்தொன்பது, முப்பத்திநாலு.

"பதினாலுமே பெயிலா டீச்சர்? என்னையே முப்பத்தஞ்சு போட்டுத் தள்ளி விட்டீங்களே."

"நீ ரொம்பக் கஷ்டப்பட்டே."

அவன் முப்பத்திநாலு போட்ட பக்கத்தில் விரலை வைத்தான். "இதுல எதுக்கு ஒரு மார்க் கொறைச்சீங்க?"

"பச்சைக் கலரு."

அசோக்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தான். காட்டுக்குள் பயன்படும் வில் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

"டீச்சர், அங்க வேட்டைக்குன்னு சீசன் இருக்கும். சர்க்கார் தேதி குறிச்சிருப்பான். அது முடிஞ்சுட்டா அடுத்த வருசம்தான். அவனும் ஆசைப்பட்டுத்தான் கேக்குறான். பாஸ் போட்டு விட்டுருங்க."

அவன் போனபிறகும் பெர்சி அந்த நாற்காலியிலேயே இருந்தாள். மகன் ஒரே ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டான். அவனுடைய கூட்டாளிகள் எல்லாம் காட்டுக்குள் போய்விட்டார்கள். அவன் மட்டும் வாராவாரம் வெறுங்கையோடு ஒரு கிழவியிடம் விடைத்தாள் நீட்டிக்கொண்டிருக்கிறான். அவனை இப்படி நிறுத்தி வைப்பதற்குப் பெயர் பாசம் இல்லை. தன் நாற்பது நிமிடத்துக்காக அவனுடைய வேட்டைப் பருவத்தையே தின்றுகொண்டிருக்கிறாள். காளையின் பன்றிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

சனிக்கிழமை அவன் பதினைந்தாவது வில்லின் படத்தை அனுப்பினான். அவள் நேர்மையாகத் திருத்தினாள். தொண்ணூற்றாறு.

ஞாயிறு சாயங்காலம் ஏழரைக்கு அழைப்பு வந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"ஜெர்சன், இன்னைக்கு நான் முடிவு சொல்லிரப் போறேன்ப்பா."

திரையில் அவன் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் என்று நினைத்தாள்.

"கேக்குதாப்பா?"

"கேக்குதும்மா." குரல் சரியாகத்தான் வந்தது. "என்ன அவசரம்? நான் இன்னும் ரெண்டு மூணு பாத்து..."

அந்தப் பக்கம் அழைப்பு மணி அடித்தது. "இருங்கம்மா, யாரோ வந்திருக்காங்க. ஆஷ்லின், இந்தா, அம்மாகிட்டப் பேசிட்டிரு."

மருமகள் ஆஷ்லினைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. நர்ஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் டியூட்டியில் இருப்பாள்.

"நல்லாருக்கீங்களா அத்தை? இன்னைக்குத்தான் எனக்கு லீவு கெடைச்சுது."

"நல்லாருக்கேன்ம்மா. அவனுக்கு வில்லு முடிவாயிருச்சு. சீசன் முடியறதுக்குள்ள வாங்கிரச் சொல்லு. எத்தன நாளு என்னால தாமதம். காட்டுக்குப் போகாம ரொம்ப வருத்தப்பட்டானா?"

ஆஷ்லின் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கைபேசியை முகத்தருகே கொண்டுவந்தாள்.

"அத்தை, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். இவரு வேட்டைக்குப் போற ஆளே இல்ல. லைசென்ஸ் கூட எடுக்கல. வாரம் பூராம் உக்காந்து வில்லு வில்லாத் தேடி எடுத்து வைக்கிறாரு. அம்மா என்னைக்காவது 'நல்லாயிருக்கு'ன்னு சொல்லிட்டா அப்புறம் என்ன பேசுறதுன்னு பயந்துக்கிட்டு."

பெர்சி பதில் சொல்வதற்குள் ஜெர்சன் திரும்பி வந்து கைபேசியை வாங்கிக்கொண்டான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான்.

"சரிம்மா, சொல்லுங்க. இதையே வாங்கிரவா?"

"வேணாம்ப்பா" என்றாள் பெர்சி. "இதுவும் சரியில்ல."