மாமனாருக்குத் தெரியாமல் போன பித்தப்பை

எனக்கு ஆபரேஷன் என்றால் பயமில்லை. மாமனார் என்றால்தான் பயம். இதை இப்போது தைரியமாக எழுதக் காரணம், தங்கச் சுரங்க ஊரான எங்கள் தங்கவயலில் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பதுதான்.

என் மாமனார் இங்குள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இரும்பில் போட்ட ஓட்டை ஒரு மயிரிழை கூடினாலும் அந்தச் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்ற கையோடு ஹோமியோபதிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டமெல்லாம் கிடையாது. ஒரு அலமாரி நிறைய குட்டிப் பாட்டில்களும், தெரு நிறைய நோயாளிகளும் உண்டு. எல்லாம் இலவசம். (இலவசமாகக் கொடுப்பவரிடம் எப்படிங்க வேணாம்னு சொல்றது?)

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எனக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. அது முதுகுப் பக்கம் ஏறி, வலது தோள்பட்டை வரை போனது. தரையில் உருண்டேன். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கற்கள். என் தாத்தா நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கிக் கல் உடைத்தவர். பேரன் நான் உட்கார்ந்த இடத்திலேயே கல் உற்பத்தி செய்திருக்கிறேன்.

பக்கத்து நகரமான கோலாரில் பார்த்த சர்ஜன், பையை எடுத்துவிடுவதே நல்லது என்றார்.

“மருந்துல கரையாதா சார்?”

“கரையறதுக்கு அது இன்னா கல்கண்டா? ஒரு கல்லு நழுவிப் போய் பித்தக் குழாய அடைச்சிக்கிச்சுன்னா மஞ்சக்காமாலை வரும். கணையம் வீங்கும். அப்போ கஷ்டம்.”

விஷயம் மாமனார் காதுக்கு எட்டியது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். நோட்டைத் திறந்து, ஹோமியோபதி வழக்கப்படி முதலில் என் குணத்தை விசாரித்தார்.

“கோவம் வந்தா வெளிய காட்டுவீங்களா மாப்ள, உள்ளயே வெச்சிப்பீங்களா?”

“உள்ளயே வெச்சிப்பேன் மாமா.”

சமையலறையிலிருந்து என் மனைவி கலா குரல் கொடுத்தாள். “அப்ப தட்ட ணங்குன்னு வெக்கிறது யாராம்?”

அதையும் எழுதிக்கொண்டார். அடுத்தது கனவு. “பெங்களூரு ட்ரெயின தவற விடற மாதிரி வரும் மாமா,” என்றேன். தினமும் அந்த ரயிலில் வேலைக்குப் போகிற ஊர்க்காரன் அத்தனை பேருக்கும் வருகிற கனவு அது. அவர் ஏதோ பிடிபட்ட மாதிரி தலையாட்டி, நாலு வெள்ளை உருண்டைகளைப் பாட்டில் மூடியில் உருட்டி, கை படாமல் என் வாயில் போட்டார். காப்பி கூடாது. வெங்காயம் கூடாது.

“மூணு மாசம். கல்லு மணலாயிடும். மணலு தண்ணியாயிடும்.”

கல் மணலாகவில்லை. இரண்டாவது வாரம் ரயிலில், பங்காரப்பேட்டை வருவதற்குள் வலி வந்து, முன்பின் தெரியாத ஒருவர் மடியில் சாய்ந்துவிட்டேன். ஆபரேஷன்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். மாமனாரிடம் யார் சொல்வது என்று நானும் கலாவும் ஒரு மணி நேரம் பேசி, யாரும் சொல்வதில்லை என்று தீர்மானித்தோம். ஓசூரில் ஆபீஸ் ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டுக் கோலாருக்குப் போனேன். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுப் பையை எடுத்தார்கள். அங்கேயே அக்கா வீட்டில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு வந்தேன்.

“முகம் இன்னா மாப்ள வெளுத்துக் கீது?”

“ஓசூர் சாப்பாடு சரியில்ல மாமா.”

மூன்று மாதம் முடிந்ததும், “இப்ப ஸ்கேன்ல ஒரு கல்லும் இல்ல மாமா,” என்றேன். (பொய் இல்லை. கல் குடியிருந்த வீட்டையே இடித்தாயிற்றே.) ரிப்போர்ட் ரயிலில் தொலைந்துவிட்டது என்றேன். வேலையில் இருந்தவரை ரிப்போர்ட் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடப் பாஸ் செய்யாத மனிதர், என் வாய் வார்த்தையை நம்பினார். தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். எனக்கு உள்ளே என்னவோ குத்தியது. ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை மாமனார் கூப்பிட்டனுப்பினார். கலாவோடு போனால், நாலு வீடு தள்ளி இருக்கும் சரோஜாம்மா உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. கண்ணின் வெள்ளை, எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது.

“உங்களுக்குக் கரைஞ்சிட்டதாமே தம்பி? எனக்கும் அதே கல்லுதான். என்னை நாளைக்குக் கோலார்ல அட்மிட் ஆவச் சொல்லிக்கிறாங்க. எனக்குக் கத்தின்னா பயம். நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் போமாட்டேன்.”

மாமனார் பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் கலாவைப் பார்த்தேன். கலா கையிலிருந்த காப்பித் தட்டைப் பார்த்தாள். எனக்கு அந்த மஞ்சள் கண்ணைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. சட்டையைத் தூக்கினேன்.

பனியனில் ஏற்கெனவே சில ஓட்டைகள் இருந்தன. அதனால் அதையும் தூக்கி, எது எது என்று விளக்க வேண்டியதாயிற்று.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“எப்ப?”

“ஓசூர் போனப்ப மாமா.”

“ஓசூர்ல பண்ணிக்கினீங்களா?”

“இல்ல மாமா, கோலார்ல.”

“அப்ப ஓசூரு?”

“ஓசூருக்கே போல மாமா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு, “டிரில்லிங் நீட்டா கீது,” என்றார். சரோஜாம்மா பக்கம் திரும்பி, “காலைல எத்தினி மணிக்குப் போணும்மா? நானும் கூட வரேன்,” என்றார்.

சொன்னபடியே போனார். சரோஜாம்மாவுக்குக் கல் குழாயிலேயே சிக்கியிருந்ததாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். சரோஜாம்மா நலமாக வீடு திரும்பியதைச் சொல்ல வந்த மாமனார், வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

“அந்த மருந்தாவது சாப்ட்டீங்களா, அதுவும் இல்லியா?”

“சாப்ட்டேன் மாமா. இனிப்பா இருந்தது.”

மூன்று வாரம் என்னை ‘சார்’ என்றே கூப்பிட்டார். நாலாவது வாரம் மாப்ள ஆனேன். ஆனால் வீட்டில் எனக்கு ‘ஓசூர் மாப்ள’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. என் பிள்ளைகளே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அலமாரி இன்னும் இருக்கிறது. சளி, இருமலுக்கு உருண்டை கொடுப்பார். வயிற்று வலி என்றால் கோலாருக்கு பஸ் ஏற்றிவிடுவார். யாருடைய வாய் வார்த்தையையும் நம்புவதில்லை.

போன வருடம் என் மைத்துனியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனிடம் வேலை, சொந்த ஊர் எல்லாம் விசாரித்து முடித்த மாமனார், “ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா தம்பி?” என்றார்.

“இல்லைங்க.”

“தப்பா நெனைக்காதீங்க. சட்டைய கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க.”

பையன் திகைத்துப் போய், காப்பாற்றச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் தட்டிலிருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.