என் கரையானைத் திருடிவிட்டார்கள்

செம்பாக்கம், தாம்பரம் கிழக்கு
ஆகஸ்ட் 2008

அன்பு மச்சான் மொஹ்சினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும், ருக்ஸானாவும், உங்களோடு இருக்கிற மாமியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே உன் அக்கா மெஹர் பானு சுகம், மகள் மெஹ்னாஸ் சுகம். அந்த வரிசையில் என் பெயர் இல்லாததைக் கவனித்திருப்பாய். ஈமெயில் இருக்கும்போது இவர் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று கேட்காதே. ஈமெயிலில் போட்டால் இதையும் எவனாவது எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

போன தடவை நீ லீவில் வந்தபோது, "மச்சான், கரையான் மருந்து அடிக்கிறவர எங்க தேடுவாங்க? இனிமே எல்லாம் நெட்டுலதான். ஒரு வெப்சைட் போடுங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். மெஹ்னாஸ் போட்டுக் கொடுத்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல், நடந்ததையே எழுதினேன். உன் அம்மா, அதாவது என் மாமி, அவர்களுடைய மர பீரோவைக் கரையான் தின்றதே, கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்தபோது பார்டர் மட்டும் கையோடு வந்ததே, அதுதான் முதல் பக்கம். "என் மாமியார் ரஹ்மத் பீவியின் பீரோ" என்று தலைப்பு. மச்சான், ஜனங்கள் படித்துவிட்டு அழுதார்கள். அழுதுவிட்டு போன் செய்தார்கள். தமிழில் கரையானைப் பற்றி வேறு யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. நாவலூரிலிருந்தும் சிறுசேரியிலிருந்தும் கம்ப்யூட்டர் பிள்ளைகள் கூப்பிட்டு, "அங்கிள், உங்க மாமியார் இப்ப எப்படி இருக்காங்க?" என்று விசாரித்த பிறகுதான் மருந்துக்குத் தேதி கேட்பார்கள்.

அப்புறம் ஒரு நாள் போன் நின்றுவிட்டது. லைன் கெட்டுவிட்டது என்று புகார் கொடுத்தேன். அவர்கள் வந்து பார்த்து லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோடை மழை பெய்தது, கரையானுக்கு இறக்கை முளைத்தது, விளக்கைச் சுற்றிப் பறந்தது, ஆனால் எனக்கு ஒரு போன் இல்லை. மெஹ்னாஸ் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "அத்தா, இங்க வாங்க" என்றாள். குரலே சரியில்லை. முதல் இடத்தில் சேலையூர் தேவானந்தம் என்று ஒருவருடைய சைட். திறந்தால் என் எழுத்து. ஒரு கமா கூட மாறவில்லை. பெயரும் போன் நம்பரும்தான் வேறு. பீரோ அப்படியே இருக்கிறது, புடவை அப்படியே இருக்கிறது, "என் மாமியார் ரஹ்மத் பீவி" என்பதும் அப்படியே இருக்கிறது. நம்முடைய சைட் எங்கேயோ நாலாவது பக்கத்தில், யாரும் வராத சந்தில் கிடந்தது.

"திருடினவன் மேல, பறிகொடுத்தவன் கீழயா? என்ன நியாயம்மா இது?" என்றேன்.

"அத்தா, தேடுறது மனுஷன் இல்ல, மெஷின். ஒரே எழுத்து ரெண்டு எடத்துல இருந்தா ஒண்ணத்தான் மேல வைக்கும். அது அவர ஒரிஜினல்னு நெனச்சிடுச்சு. உங்கள காப்பின்னு நெனச்சிடுச்சு."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"நீங்க எழுதினத, நீங்க எழுதாத மாதிரி மாத்தி எழுதணும்."

இதைக் கேட்டுவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. என் மாமியாரை நான் வேறு மாமியாராக மாற்ற வேண்டுமாம். ஆனால் வயிறு இருக்கிறதே. பக்கத்துத் தெரு அபிதகுஜாம்பாள் டீச்சர் ரிட்டயரான தமிழாசிரியை, நல்ல மனுஷி. விஷயத்தைச் சொன்னதும், "இவ்வளவுதானே சார்? கவலைப்படாதீங்க, ஒரு வார்த்தை பழைய வார்த்தையா இருக்காது" என்று வாங்கிக்கொண்டார். சொன்னபடியே செய்தார். பீரோ பேழையாகிவிட்டது. மாமியார் மூதாட்டியாகிவிட்டார், பெயர் கூடக் கிடையாது. கரையானை மட்டும் என்ன செய்வது என்று யோசித்து, "செல் என்றாலும் கரையான்தான் சார். செல்லரித்த ஏடுன்னு சொல்றோமே, அந்தச் செல். சின்ன வார்த்தை, அழகான வார்த்தை" என்று எல்லா இடத்திலும் செல் என்று போட்டுவிட்டார். "செல்லால் தொல்லையா? எங்களை அழையுங்கள். எவ்வளவு பழைய செல்லாக இருந்தாலும் வீட்டுக்கே வந்து சரிசெய்கிறோம்." படிக்கும்போது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது மச்சான். பொய் சொல்லவில்லை.

மெஷினுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே நாம் முதல் இடம். போன் அலறியது. மெஹர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பாயசம் காய்ச்சினாள். முதல் ஆள் வந்தான், சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தான். தண்ணீரில் விழுந்துவிட்டதாம். இரண்டாவது ஆளுக்கு ஸ்பீக்கர் கேட்கவில்லை. மூன்றாவது ஆளுக்குச் சார்ஜ் ஏறவில்லை. நான் கரையானைப் பற்றி விளக்கினேன், செல்லரித்த ஏட்டைப் பற்றிக் கூட விளக்கினேன். "இன்னா பாய் பேஜார் பண்ற? செல்லுன்னு போட்டுகினு பூச்சி மருந்து காட்டுற! சிறுசேரிலேர்ந்து பஸ் புடிச்சி வந்துகினு கீறேன்" என்று மூன்றாவது ஆள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கரையான் இருக்கிறது என்று ஒரு ஆத்மா வரவில்லை. கரையான் உள்ளவர்கள் எல்லாரும் கரையான் என்று தேடி தேவானந்தத்திடம் போய்விட்டார்கள்.

பொறுக்க முடியாமல் நானே சேலையூருக்குப் போனேன். திருடியதை ஒப்புக்கொண்டு சைட்டை எடுக்கச் சொல்வது என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனேன். கேட்டைத் திறந்தது அவருடைய சம்சாரம் சரோஜினி. என் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, "ரஹ்மத் பீவி வூட்டு ஆளா நீங்க?" என்றார்.

"ஆமாம்மா, மருமகன்" என்றேன். உண்மைதானே?

"அப்ப நீங்க மூத்த மருமகன். எங்க வூட்டுக்காரர் சின்ன மருமகனா? எங்கம்மாதான் இவருக்கு மாமியார்னு நெனச்சிகினு கீறேன் இத்தினி வருசமா!"

மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த தேவானந்தம் என்னைக் கண்டதும் ஓடிவந்தார். "பாய், தெய்வம் மாதிரி வந்தீங்க பாய்! புதுசா மருந்து அடிக்கிற தொழில்ல எறங்கினேன். ஒரு ஆளுகிட்ட சைட் போடச் சொன்னேன், அவன் எங்கேர்ந்தோ எடுத்துப் போட்டுட்டான். நான் படிக்கவே இல்ல. இவ படிச்சிட்டா. எனக்கு இன்னொரு குடும்பம் கீதுன்றா. எழுதுனது நீங்கதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க பாய்!"

நான் ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்க வந்தால், அவர் ஒப்புக்கொள்ள விடச் சொல்லிக் கெஞ்சுகிறார். சொன்னேன். சத்தியம் செய்தேன். அந்த அம்மா கம்ப்யூட்டரில் என் சைட்டைத் திறந்தார். மாமியார் எங்கே? பீரோ எங்கே? ரஹ்மத் பீவி எங்கே? மூதாட்டியும் செல்லும்தான் இருந்தன.

"நீங்க செல்போன் ரிப்பேர் பண்றவரு. சிநேகிதனக் காப்பாத்த வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டார். சைட்டை எடுத்துவிடவாவது சொல்லுங்கள் என்றேன். "அது சாட்சி. எங்கண்ணன் ஊர்லேர்ந்து வந்து பாக்குற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் மச்சான், இனி இந்தத் தொழில் எனக்கு வேண்டாம். கடையை மூடிவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். என் எழுத்து என்னுடையது என்று நிரூபிக்க முடியாதவன் இந்த ஊரில் இருந்து என்ன செய்யப் போகிறான்? ஷார்ஜாவில் வாட்ச்மேன் வேலையானாலும் சரி, குடோனில் மூட்டை எண்ணுவதானாலும் சரி, கம்ப்யூட்டர் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல். பயோடேட்டா இணைத்திருக்கிறேன். மாமியிடம் எதுவும் சொல்லாதே. சேலையூரில் தனக்கு இன்னொரு மருமகன் இருப்பது தெரிந்தால் தாங்க மாட்டார்கள். உனக்கும் உன் வீட்டாருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். பெரியவர்களுக்கு என் ஸலாம், சின்னவர்களுக்கு என் துஆ.

இப்படிக்கு,
உன் மச்சான்
சௌகத் அலி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தேவானந்தத்திடமிருந்து போன். நாவலூரில் ஒரு பெரிய அடுக்குமாடி முழுவதற்கும் மருந்தடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், போய் நிற்கிறார். "பாய், கோவிச்சிக்காதீங்க. கரையான்னா எப்பிடி பாய் இருக்கும்? எறும்பு மாதிரியா?" என்கிறார். மனுஷன் வாழ்க்கையில் ஒரு கரையானைப் பார்த்ததில்லையாம். இதுவரை வந்த போன்களுக்கெல்லாம் பயந்துபோய் வேறு தேதி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவரைத் தனியே விட மனமில்லாமல் கூடவே போயிருந்த சரோஜினி அம்மா போனைப் பிடுங்கி, "அண்ணா, இப்ப நம்புறேன். இந்தாளு அத்த எழுதியிருக்கவே முடியாது. வந்து வேலைய நீங்களே எடுத்துக்குங்க" என்றார். எனவே ஷார்ஜாவில் யாரிடமும் எனக்காகப் பேச வேண்டாம், பயோடேட்டாவை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள் என்று தேவானந்தத்திடம் சொன்னேன். "ஒரு ரூம் அடிச்சி முடிச்சிட்டேன் பாய்" என்றார். எதன்மேல் அடித்தார் என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும்.